இரண்டு பூனைகளின் மீள்குடியேற்றம்

அன்புள்ள மகளுக்கு,

நீ தேடச் சொன்ன ஓட்டை அந்த வாடகை உடன்படிக்கையில் இல்லை. நீ படம்பிடித்து அனுப்பிய இரண்டு பக்கங்களையும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். பிறகு அம்மாவை உரத்து வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். மீனவர் சங்கத்தின் உபவிதிகளைத் திருத்தும்போது நான் கையாளும் முறை அது. கண்ணுக்குத் தப்புவது சிலவேளை காதில் அகப்படும். ஒன்றும் அகப்படவில்லை. "குடியிருப்பவர் செல்லப்பிராணிகள் எவற்றையும் வீட்டினுள் வைத்திருத்தலாகாது" என்று உன் வீட்டுக்கார அம்மையார் எழுதியிருக்கிறார். 'வளர்த்தலாகாது' என்று எழுதியிருந்தால் உனக்கு ஒரு வழி இருந்திருக்கும். அந்த வழி உனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். 'வைத்திருத்தல்' என்ற சொல்லுக்குள் ஒரு பூனைக்குட்டிகூட நுழைய முடியாது. கொழும்பில் மேல்மாடி அறையை வாடகைக்கு விடும் ஒருவர் வினைச்சொல்லை இவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு என் மரியாதையைச் சொல்.

"அவ மாசத்தில ஒருக்காத்தான் மேல ஏறி வாறவ, அப்பா. அண்டைக்கு மட்டும் ரெண்டையும் பக்கத்து அறையில விட்டுடுவன்" என்று நீ சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகு சிரிக்க முடியவில்லை. இந்த மாதம் முடிவதற்குள் பூனைகள் போகவேண்டும், இல்லையேல் நீ போகவேண்டும் என்பது அந்த அம்மையார் வைத்த கெடு. மழையில் நனைந்து கிடந்த இரண்டையும் கையில் ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறியவள் நீ. வேலைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில், யன்னலைத் திறந்தால் ஒரு துண்டுக் கடல் தெரியும் அறை, உனக்கு இன்னொன்று கிடைக்கப்போவதும் இல்லை. "ஏதாவது சொல்லுங்கோ அப்பா" என்றாய். "பார்ப்பம்" என்றேன். ஐம்பது வயதுக்காரன் 'பார்ப்பம்' என்றால் அவனிடம் விடை இல்லை என்று பொருள், அல்லது அந்த விடை தொலைபேசியில் சொல்ல முடியாத அளவுக்கு நீளமானது என்று பொருள். இது இரண்டாவது. ஆகவே எழுதுகிறேன். நாம் முன்பு ஒருமுறை இரண்டு பூனைகளை வீடு மாற்றிய கதையை நீ உன் பக்கத்திலிருந்து மட்டுமே அறிவாய். அப்போது உன் உயரம் என் இடுப்பளவு. அந்த உயரத்திலிருந்து தெரியாத சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

நாம் இந்தியாவின் அகதி முகாமிலிருந்து திரும்பியபோது பாப்பாமோட்டையில் நம் காணி கண்ணிவெடி அகற்றுபவர்களின் சிவப்புத் தடிகளுக்குப் பின்னால் கிடந்தது. வயலும் வளவும் ஒரே பற்றையாக இருந்தன. எங்கே கிணறு இருந்தது என்று அம்மாவும் நானும் வீதியில் நின்றபடி விரலை நீட்டி நீட்டித் தர்க்கித்தோம். அதுவரை மன்னார்த் தீவில் ஒரு வீடு வேண்டியிருந்தது. மீனவர் சங்கத்தில் எனக்குச் செயலாளர் வேலை கிடைத்ததும், சங்கத்தின் மூத்த அங்கத்தவரான சம்மாட்டியார் தம் கடற்கரை வளவின் பின்வீட்டைத் தந்தார். படகும் வலையும் ஆள்பலமும் உள்ளவர். முகாமிலிருந்து வந்தவர்களுக்கு வீடு கொடுக்கத் தயங்கியவர்கள் பலர் இருந்த காலத்தில், முகாம் என்ற சொல்லையே அவர் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார். முன்வளவு முழுவதும் அவருடைய கருவாடு காயும். ஆகவே பூனை கூடாது. "தம்பி, பூனை நிக்கிற வளவில கருவாடு நிக்காது. வேற ஒண்டும் நான் கேக்கேல்ல" என்றார். வாய்ப்பேச்சோடு விட்டிருக்கலாம். நான்தான், விதி என்றால் எழுத்தில் இருக்கவேண்டும் என்று, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்: 'குடியிருப்போர் பூனை வளர்த்தலாகாது.' மூன்றே சொல். அதன் சுருக்கத்தில் எனக்குச் சற்றுப் பெருமை இருந்ததை மறைக்கமாட்டேன்.

அந்த வளவு உனக்கு எப்படி நினைவிருக்கிறதோ தெரியாது. எனக்கு அது விழித்திருக்கும்போதே கண்ட கனவைப் போல இருக்கிறது. வெள்ளை மணல், அதன்மேல் விரித்த வலைகள், வலைகளின்மேல் வெள்ளி வெள்ளியாகப் பிளந்து வைத்த கட்டா மீன்கள். காலையில் வெயில் ஏறும்போது வளவே மினுங்கும். கழுதைகள் வேலிக்கு அப்பால் யாரையோ எதிர்பார்ப்பவை போல நிற்கும். பனைகளுக்குள் காற்று நுழைந்தால் பக்கத்து வீட்டில் யாரோ ஓலைப்பாயைச் சுருட்டுவதுபோலக் கேட்கும். அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்துதான் ஒருநாள் சாம்பல் நிறப் பூனை ஒன்று நடந்து வந்தது. நம் வீட்டு வாசலில் நின்று, முதல் அறையைப் பார்த்தது, இரண்டாம் அறையைப் பார்த்தது, குசினியைப் பார்த்தது, பிறகு உன்னைப் பார்த்தது. நீ அம்மாவிடம், "செக்கிங் வந்திருக்காங்க" என்றாய். முகாமில் வரிசையில் நிறுத்தி ஆள் எண்ணுகிற அந்த நாளுக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் அதுதானே. அதிகாரி வீடு வீடாக எட்டிப் பார்ப்பார். நாம் வெளியில் வெயிலில் நிற்போம். பெயர் கூப்பிடும்போது அங்கே இல்லாதவனின் பெயர் வெட்டுப்படும். நீ பிறந்ததிலிருந்து அந்த வரிசையில் நின்றவள். பூனைக்கு அதே பெயர் நிலைத்தது. மழைக்காலத்தில் செக்கிங் பழைய மீன்பெட்டி ஒன்றுக்குள் குட்டி போட்டது. தங்கியது ஒன்று. வெள்ளைக் குட்டி. சீனி என்றாய்.

நான் எழுதிய விதி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆனாலும் பூனை வெளியே படுக்கிறது, நாம் அதற்கு வீட்டுக்குள் இடம் கொடுக்கவில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மாரி ஓய்ந்து கருவாடு மறுபடி வெளியில் வந்ததும் அந்த நியாயம் முடிந்தது. ஒருநாள் காலை சம்மாட்டியார் பாதி கட்டா மீனைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். மற்றப் பாதி எங்கே என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. சீனி அம்மியின்மேல் உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, இது ஆற்ற பூனை?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முன்னால் வந்தாய்.

"நாங்க வளக்கல தாத்தா. அதுவா வளருது."

மகளே, நான் தமிழ் படித்தவன். வளர்தல் தன்வினை, வளர்த்தல் பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் புள்ளி வாங்கியவன். என் மூன்று சொல் விதியை நீ ஒரே எழுத்தில் உடைத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். சம்மாட்டியார் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்தியாக்காரி நல்லாச் சட்டம் கதைக்கிறாள். தேப்பன்ர பிள்ளை" என்றார். பிறகு குனிந்து, "சரி பிள்ளை. அதுவா வளந்த பூனை, அதுவாப் போகட்டும். நீ போகச் சொல்ல வேண்டாம். நானும் சொல்லேல்ல. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அதுக்கே தோணும் எண்டு நினைக்கிறன்" என்றார்.

போகும்போது என்னிடம் தனியே சொன்னதை நீ கேட்டிருக்கமாட்டாய். "உங்களை நான் ஒருநாளும் எழும்பச் சொல்லமாட்டன், தம்பி. அதுதான் பூனையைச் சொல்லுறன்." அந்த வசனத்தை நான் பலநாள் யோசித்திருக்கிறேன். எத்தனையோ இடங்களிலிருந்து எழுப்பப்பட்டு வந்த ஒரு குடும்பத்தை எழுப்பக்கூடாது என்பதற்காகவே அந்த மனிதர் பூனையோடு நிறுத்திக்கொண்டார். விதி சரியானது, விதித்தவர் நல்லவர். அப்படியும் ஒரு பிள்ளை இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்க நேரும். உலகத்தில் யாரையும் கோபிக்க முடியாத கவலைகள் உண்டு, மகளே. அவற்றைத் தூக்குவதுதான் அதிகப் பாரம். உன் வீட்டுக்கார அம்மையாரையும் கெட்டவராக்கினால் உனக்குச் சற்று இலேசாக இருக்கும். ஆக்காதே. அவருக்கும் ஏதோ ஒரு கட்டா மீன் இருக்கும்.

நானும் அம்மாவும் பல வழிகள் பேசினோம். சந்தையடியில் விட்டுவிடலாம் என்று பலர் சொன்னார்கள். சாக்கில் கட்டி, சாக்கைச் சுற்றிச் சுற்றித் திசை மறக்கச் செய்து, எங்காவது இறக்கிவிட்டால் திரும்பாது என்றார் ஒருவர். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேச்சை மாற்றினார். சங்கத்துக்கு ஐஸ் கொண்டுவரும் லொறியை ஓட்டிய தம்பிதான் வழி சொன்னான். "முசலிப் பக்கம் பூனை கேட்டு ஆக்கள் நிக்கினம், அண்ணை. கொண்டச்சியில காடு வெட்டிக் கொட்டில் போட்டிருக்கினம். எலிதான் அங்க குடியிருக்கு, சனம் வாடகைக்கு இருக்குது." இருபது வருடம் மனிதர் இல்லாத ஊரில் பூனையும் இருந்திருக்காது என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை. போர்க்காலத்தில் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் இருந்த முஸ்லிம் ஆட்கள் திரும்பி வந்தார்கள், தகரம் வந்தது, சீமெந்து வந்தது. வராதது பூனை மட்டும்தான்.

ஆகவே ஒரு தை மாதக் காலையில் நாம் மூவரும் வெறும் ஐஸ் லொறியின் முன்னாசனத்தில் நெருக்கிக்கொண்டு புறப்பட்டோம். உன் மடியில் பனையோலைக் கடகம். அதன்மேல் கவிழ்த்து இன்னொரு கடகம், இரண்டையும் சுற்றி அம்மாவின் பழைய சேலைக்கரை. லொறி முழுக்க மீன்வாடை. பூனைகள் பயத்தில் கத்தினவா, பசியில் கத்தினவா என்று தெரியவில்லை. "மீன் இல்லாத மீன் லொறியில ஏத்தினா ஆர்தான் கத்தாயினம்" என்றான் சாரதித் தம்பி. நீ சிரிக்கவில்லை. உன் விரல் ஒன்று கடகத்தின் இடுக்கு வழியாக உள்ளே போயிருந்தது, அது வழிநெடுக வெளியே வரவில்லை.

தீவிலிருந்து கடலுக்கு மேலால் பெருநிலத்துக்குப் போகும் தாம்போதியில் ஏறும் இடத்தில் காவலரண். சிப்பாய் ஒருவன் கையைக் காட்டி நிறுத்திக் கடகத்தைப் பார்த்தான். வயது இருபதைத் தாண்டியிராது. சேலைக்கரையை விலக்கிப் பார்த்து, "ஆ… பூஸா" என்றான். சிங்களத்தில் பூனை. "கொஹேத?" எங்கே என்று கேட்டான். எனக்கு அவனுடைய மொழி போதாது, அவனுக்கு என்னுடையது போதாது. அந்நாட்களில் எந்தச் சோதனைச் சாவடியிலும் ஒரு தமிழ்ச் சொல் மட்டும் எல்லோருக்கும் விளங்கும். அதையே யோசியாமல் சொன்னேன்: "மீள்குடியேற்றம்." அவன் கடகத்தை மறுபடி பார்த்தான். "மீல் குடியேற்றம்" என்று மெதுவாகத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பிறகு சேலைக்கரையை, நாம் கட்டியிருந்த அதே மாதிரி, கவனமாகக் கட்டிவிட்டு வழிவிட்டான். அம்மா தாம்போதி முழுவதும் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வந்தாள். சிரிப்பு என்று நினைத்தேன். முதல் பாதி சிரிப்புத்தான்.

அந்தத் தாம்போதியை நான் பிறகு எத்தனையோ தரம் கடந்திருக்கிறேன். அன்று இருந்ததுபோல் அது ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் கிடந்தது. வானம் கீழேயும் இருந்தது மேலேயும் இருந்தது. நடுவில் நம் லொறி போகிற ஒரு கோடு. தூரத்தில் பூநாரைகள் நின்றன. நின்றன என்று எழுதுகிறேன். கால்கள் கண்ணுக்குத் தெரியாததால் அவை தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தொங்கவிடப்பட்டவை போலத் தெரிந்தன. முன்னால் வீதி கானலில் கரைந்து கரைந்து, நாம் கிட்டப் போனதும் மறுபடி வீதியாகியது. பூனைகள் கத்துவதை நிறுத்தின. எல்லோரும் ஒரே நித்திரைக்குள் போய்விட்டதுபோல் இருந்தது. அப்போது நீ, மிக மெல்லிய குரலில், "அப்பா, நாம இப்ப உள்ள போறோமா, வெளிய போறோமா?" என்று கேட்டாய். தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போவது உள்ளேயா வெளியேயா? இந்தியாவிலிருந்து வந்தது உள்ளேயா வெளியேயா? இன்று வரையும் யோசிக்கிறேன்; எந்த உபவிதியிலும் அதற்கு வரைவிலக்கணம் இல்லை.

சபியாவின் கொட்டில் கொண்டச்சியில் வீதியோரமாகவே இருந்தது. வெட்டிய காட்டின் அடிக்கட்டைகள் இன்னும் வளவெங்கும் நின்றன. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். கணவர் கடலுக்குப் போயிருந்தார். விதைக்கு வைத்த கச்சான் கடலையை எலி தின்றுவிடுகிறது என்று லொறிக்காரத் தம்பியிடம் பூனை கேட்டவர் அவர்தான். நாம் மூவரும் கடகத்தோடு இறங்கியதைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"ரெண்டு பூனையக் குடுக்கக் குடும்பத்தோட வந்திருக்கீங்க. கலியாணம் பேச வந்த மாதிரியெல்லோ இருக்கு. வாங்கோ, வாங்கோ."

"பெண்பார்க்க வந்தால் பலகாரம் இருக்கவேணும்" என்றாள் அம்மா.

"பிளேன்ரீ இருக்கு. சீனி கொஞ்சந்தான்."

"சீனி நாங்க கொண்டு வந்திருக்கோம்" என்று நீ கடகத்தைக் காட்டினாய். அது உனக்குப் பகிடி இல்லை. ஆனால் எல்லோரும் சிரித்ததில் உன் முகம் முதல் தடவையாக இளகியது.

கடகத்தைத் திறந்ததும் சீனி பாய்ந்து விறகுக் குவியலுக்குள் மறைந்தது. செக்கிங் இறங்கி, தன் பெயருக்கு ஏற்ப, கொட்டிலின் ஒவ்வொரு மூலையையும் பார்த்துக்கொண்டு நடந்தது. அடுப்பைப் பார்த்தது, பாயைப் பார்த்தது, கச்சான் சாக்கைப் பார்த்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. நீ அதைக் கவனித்துவிட்டு சபியாவிடம் போய் நின்றாய். உன் குரலில் பேரம் பேசுகிறவனின் கண்டிப்பு இருந்தது.

"மாமி, இங்க செக்கிங் எப்ப?"

"ஆமிக்காரங்களா? இப்ப அப்பிடி வாறதில்ல, புள்ள."

"அது இல்ல. செக்கிங் அந்தா சாக்கு மேல இருக்கு. மத்தச் செக்கிங் எப்ப? அன்னிக்கு இதுங்க எலி பிடிக்கக் காட்டுக்குப் போயிருந்தா என்ன பண்ணுவீங்க? பேர வெட்டிருவீங்களா?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை முகாமில் பிறந்தவள், இடம் மாறினால் பதிவு வேண்டும், பதிவுக்கு ஆள் நிற்கவேண்டும் என்றுதான் அவளுக்குத் தெரியும், மன்னிக்கவேண்டும் என்றெல்லாம் என் நாக்கில் வரிசையாக இருந்தன. சபியா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். தேநீர்க் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு உன் உயரத்துக்கு இறங்கி உட்கார்ந்தார்.

"நானும் லைன்ல நிண்டவதான், புள்ள. உன்ர வயசவிடச் சின்னப் புள்ளையா இருக்கேக்க இல்ல, கலியாணம் கட்டுற வயசில. புத்தளத்தில. எண்ணுவாங்க. ஒருநாள் நான் தண்ணிக்குப் போயிட்டன், எண்ணேக்க இல்ல. அந்த முறை எனக்கு அரிசி இல்ல." வாசலைக் கையால் காட்டினார். "இங்க எண்ணுற ஆள் நான். பேர் வெட்டுற ஆளும் நான். நான் வெட்டமாட்டன். மஃரிபு பாங்கு கேட்டா வாசல்ல நிண்டு எண்ணுவன், ஒவ்வொரு நாளும். வந்தா எண்ணுவன். வராட்டியும் எண்ணுவன்."

நீ அதை யோசித்தாய். முகாமில் இல்லாத ஒரு விதி அது. இல்லாதவரையும் எண்ணுகிற செக்கிங்கை நீ கேள்விப்பட்டதில்லை. நானும் கேள்விப்பட்டதில்லை. "சரி" என்றாய். வெறும் கடகத்தை எடுத்துக்கொண்டு போய் லொறியில் ஏறிக்கொண்டாய். திரும்பும் வழியில் லொறி நிறைய மீன் இருந்தது, நீ அழுதாய். மீன்வாடை கண்ணை எரிக்கிறது என்றாய். அம்மாவும் ஓம், எரிக்குதுதான் என்றாள்.

இனி நீ அறியாத பகுதி. சில மாதம் கழித்துச் சங்க வேலையாகச் சிலாவத்துறைக்குப் போனவன், மாலையில் கொண்டச்சிக்கும் போனேன். நீ கேட்டு வரச் சொல்லியிருந்தாய். கொட்டிலுக்குப் பக்கத்தில் கல்வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியிருந்தது. நான் வீதியில் நின்றபோது பாங்கு ஒலித்தது. வெயில் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அடிக்கட்டைகளின் நிழல்கள் நீண்டு வளவெங்கும் ஆட்கள் படுத்திருப்பதுபோல் கிடந்தன. சபியா வாசலில் வந்து நின்றார். நான் நிற்பதை அவர் காணவில்லை. "செக்கிங்" என்றார், காலடியில் அது இருந்தது, வயிறு கனத்து. "சீனி" என்றார், அது இல்லை. காட்டை ஒருமுறை பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார், அடுத்ததுக்குப் போனார். ஆட்டின் பெயரைச் சொன்னார். அதன் பிறகு இரண்டு ஆண்பிள்ளைகளின் பெயரைச் சொன்னார். புத்தளத்திலேயே படிப்புக்கும் வேலைக்குமாக நின்றுவிட்ட அவருடைய மகன்கள் அவர்கள் என்று பிறகு அறிந்தேன். பெயர்களைச் சொல்லும்போது குரலில் துக்கம் இருக்கவில்லை. வீட்டுப்பொருள்களை உள்ளே எடுத்து வைப்பவரின் குரல் அது. எண்ணி முடித்துவிட்டு, விளக்கைக் கொளுத்திக்கொண்டு உள்ளே போனார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நீ ஓடிவந்து கேட்டாய். "கணக்குச் சரி" என்றேன். அது பொய் அல்ல. எண்ணப்பட்டவை இரண்டு. சீனி வாரக்கணக்கில் வரவில்லை என்பதை நான் சொல்லவில்லை. பிறகு ஒரு காலம் அது பாதிக் காதோடு திரும்பி வந்ததாக லொறிக்காரத் தம்பி சொன்னபோது, முதலாவதைச் சொல்லாததால் இரண்டாவதையும் சொல்ல முடியாமற் போனது. இப்போது இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்.

அதற்குப் பிறகுதான் பாப்பாமோட்டைக் காணி கிடைத்ததும், வீட்டுத்திட்டத்தில் இந்த வீட்டைக் கட்டியதும். குடிபுகுந்த வாரமே அம்மா எங்கிருந்தோ ஒரு குட்டியைத் தூக்கி வந்தாள். நான் வேண்டாம் என்றேன். கிணற்றுக்குக் கட்டு இல்லை, விழுந்துவிடும் என்றேன். கட்டுக் கட்டிய பிறகும் வேண்டாம் என்றேன். இன்னொரு முறை ஒரு வெறும் கடகத்தை உன் மடியில் பார்க்க என்னால் ஆகாது என்பதே காரணம். எழுதப்படாவிட்டாலும் அது இந்த வீட்டின் விதியாகிவிட்டது. "பாம்புக்குப் பயந்த மனிசரைக் கண்டிருக்கிறன், பூனைக்குப் பயந்த மனிசர் உங்கட அப்பா ஒராள்தான்" என்று அம்மா உன்னிடம் இன்றும் சொல்லுவாள். அதனால்தான் நீ அன்று தொலைபேசியில் ஓட்டையைக் கேட்டாயே தவிர, இடம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை நான் கவனித்தேன். நீ என் விதியை மதிக்கிற பிள்ளை. அந்த மரியாதைதான் என்னை நான்கு நாளாகத் தூங்கவிடவில்லை.

ஆகவே நேற்று மாலை இந்த வீட்டின் பொதுக்கூட்டத்தைக் கூட்டினேன். வருகை: நானும் அம்மாவும். நிகழ்ச்சி நிரலில் ஒரே விடயம். பூனை வேண்டாம் என்ற விதியை நீக்கவேண்டும் என்று நான் பிரேரித்தேன். அம்மா, "இதுக்கு இவ்வளவு நாளா?" என்று கேட்டு ஆமோதித்தாள். அந்த வசனத்தைக் கூட்டக்குறிப்பில் சேர்க்கவேண்டாம் என்று கேட்டேன். சேர்க்கத்தான் வேண்டும் என்றாள். மன்னார் ரயிலில் பூனை கொண்டுவரலாமா என்று நிலையத்தில் விசாரித்தேன். மூடிய கூடையில் கொண்டுவந்தால் பிரச்சினையில்லை என்றார்கள். எழுத்தில் தருவீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "வாங்கோ அண்ணை, பார்ப்பம்" என்றார்கள். அந்தப் பார்ப்பம் நல்ல பார்ப்பமாகத்தான் தெரிந்தது.

விடுப்புக் கிடைத்தால் நீயே கொண்டுவா. ஒருவர் கையில் கொடுத்தனுப்பாதே. அந்த அம்மையாரிடம் மறைத்துக் கொண்டு வராமல், இன்ன நாள் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டு, முன்படியால் இறங்கி வா. வீடு மாற்றப்படுகிற எதற்கும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறோம் என்று தெரிய உரிமை உண்டு. நீ வந்து, ஒரு பிளேன்ரீ குடித்து, அவை நம் வீட்டு மூலைகளைப் பார்த்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு போ. அன்று சபியாவிடம் கேட்ட கேள்வியையும் என்னிடம் கேள். விடை தயாராக இருக்கிறது.

கொண்டச்சியிலிருந்து வந்த அந்த நாள் முதல் எனக்கொரு பழக்கம் உண்டு, மகளே. அம்மாவுக்குத் தெரியும், உனக்குச் சொன்னதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்பேன். வயலுக்கு மேலால் கொக்குகள் போகும். எண்ணுவேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வராத மாலைகளிலும் நான், அம்மா, நீ என்று மூன்றுதான் எண்ணினேன். நீ பல்கலைக்கழகத்துக்குப் போன வருடங்களிலும் மூன்று. கொழும்புக்குப் போன பிறகும் மூன்று. ஒருநாளும் கணக்குப் பிழைத்ததில்லை.

அடுத்த மாதம் முதல் ஐந்து என்று எண்ணுவேன். அதில் யார் வாசலில் நிற்கிறார்கள், யார் கொழும்பில் இருக்கிறார்கள் என்பது கணக்குக்கு வேண்டியதில்லை.

கூடை வாங்கி வைத்திருக்கும்,
அப்பா